ஞானியர் காசும் ஏரோதின் கலக்கமும்

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை. பரீட்சைத் தாள்களைக் குவித்து வைத்துக்கொண்டு, அக்பருடைய நிலவரித் திட்டத்தை நம் மாணவச் சிரோமணிகள் எத்தனை விதமாகச் சிதைக்க வல்லவர்கள் என்று வியந்தவண்ணம் இருந்தோம். வாசலில் குடையை மடக்கும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தால், பாளையங்கோட்டையிலிருந்து நம் பழைய தலைமையாசிரியர் வந்து நிற்கிறார்! பக்கத்தில் பத்து வயதுப் பேத்தி.

இருபது ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கீழேதான் நாம் உத்தியோகம் ஏற்றோம். "வகுப்பில் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதேயும், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்" என்பது அவர் அன்று நமக்குச் செய்த முதல் உபதேசம். அத்தகைய மனிதர் அன்று வந்த காரியம் நம்மை ஒரு தர்மசங்கடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

காப்பி சாப்பிட்டு முடிந்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்துத் திறந்தார். பஞ்சின் நடுவே ஒரு வெள்ளிக் காசு. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது; வட்டம் என்று சொல்ல முடியாதபடி ஓரம் கோணியிருந்தது. ஒரு பக்கத்தில் தாடி வைத்த அரசனின் முகம், இடப் பக்கம் நோக்கியபடி. முகத்தருகே பிறையும் நட்சத்திரமும். மறு பக்கத்தில் ஆசனத்தில் அமர்ந்து வில்லை நீட்டிப் பிடித்த ஒருவன். அவனைச் சுற்றிச் சதுரமாக ஏதோ எழுத்து. பெட்டியின் மூடியில் ஓர் அட்டை. 'மூன்று ஞானியர் காசு. பெத்லகேம் நட்சத்திரம் பொறித்தது' என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

"லண்டனில் இருக்கிற மகன் வாங்கி வந்தான், தம்பி. ஏசு பாலகனைத் தரிசிக்க வந்த ஞானிகள் இந்தக் காசு வழங்கிய தேசத்தவர்களாம். அந்த நட்சத்திரத்தைப் பாரும்! பண்டிகையன்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறேன். நீர் சரித்திர வாத்தியார். ஒருமுறை பார்த்து, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடும். எனக்கு அது போதும்."

எழுபத்தெட்டு வயதில் அந்தக் கண்களில் தோன்றிய பிரகாசத்தைப் பார்த்தபோது, ஆமாம் என்று சொல்லிவிடத்தான் நாக்குத் துடித்தது. ஆனால் அவர் செய்த முதல் உபதேசமே குறுக்கே வந்து நின்றது. "ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள், ஐயா" என்றோம். பெட்டியை நம்மிடமே விட்டுப் போனார். அந்த ஒரு வாரத்தில் நாம் அறிந்துகொண்டவற்றையே நேயர்கள் முன் வைக்கிறோம்.

பார்த்தியர் யார்?

மகா அலெக்ஸாந்தர் இறந்த பின், அவருடைய சாம்ராஜ்யத்தின் கீழ்ப் பகுதியைச் செலூக்கியர் என்ற கிரேக்க வமிசத்தார் ஆண்டனர். கி.மு. 247-ஆம் ஆண்டை ஒட்டி, காஸ்பியன் கடலுக்குத் தென்கிழக்கே அர்ஸாஸீஸ் என்ற தலைவன் ஒருவன் தலையெடுத்தான். அவன் வழி வந்தவர்களே பார்த்திய அரசர்கள். படிப்படியாக ஈரான் முழுவதையும் பாபிலோனியாவையும் வென்று, யூப்ரடீஸ் நதிவரை தங்கள் கொடியைப் பறக்கவிட்டார்கள். ஏறக்குறைய நானூற்றெழுபது ஆண்டுகள் ஆண்ட பின், கி.பி. 224-இல் ஸஸ்ஸானிய வமிசத்து அர்தஷீரிடம் அரசை இழந்தார்கள்.

நம் பாடப் புத்தகங்களில் ரோமாபுரிக்கு முப்பது பக்கம் உண்டு. பார்த்தியாவுக்கு மூன்று வரி கூட இராது. ஆனால் ரோமாபுரியின் படைகளை நேருக்கு நேர் நின்று தடுத்த பெரிய அரசு அக்காலத்தில் மேற்கு ஆசியாவில் அது ஒன்றே. பார்த்தியர் தங்கள் சரித்திரத்தைத் தாங்களே விரிவாக எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய பகைவர்களான ரோமரும் கிரேக்கருமே. ஆகவே, அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன வார்த்தையைக் கேட்கவேண்டுமானால் காசுகளைத்தான் கேட்கவேண்டும்.

காசு பேசும் பாஷை

பார்த்தியர் பெருவாரியாக அச்சிட்டவை 'திரக்மம்' என்னும் வெள்ளிக் காசுகள். எடை சுமார் நான்கு கிராம். இதைப்போல் நான்கு மடங்கு மதிப்புள்ள பெரிய வெள்ளிக் காசுகள் டைக்ரிஸ் நதிக்கரையிலுள்ள செலூக்கியா நகரத்து அக்கசாலையில் அச்சாயின. அவற்றில் பலவற்றில் ஆண்டும், சிலவற்றில் மாதமும்கூடப் பொறித்திருக்கும், கி.மு. 312-இல் தொடங்கும் செலூக்கிய சகாப்தப்படி கணக்கிட்ட ஆண்டு அது. திரக்மங்களுக்கு இந்த வசதி பொதுவாக இல்லை.

திரக்மத்தின் பின்புறத்தில் வில்லுடன் அமர்ந்திருப்பவன், வமிசத்தின் மூல புருஷனாகிய அர்ஸாஸீஸ் என்று கருதுகிறார்கள். சுற்றியுள்ள எழுத்து கிரேக்கம். நம் காசிலிருந்த வாசகத்தைத் தமிழாக்கினால், 'ராஜாதி ராஜனும், தருமவானும், நீதிமானும், தெய்வமாக விளங்குபவனும், கிரேக்கரின் நண்பனுமாகிய அர்ஸாஸீஸினுடையது' என்று வரும். நம்முடைய மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். பட்டத்துக்கு வந்த ஒவ்வோர் அரசனும் காசில் தன் சொந்தப் பெயரைப் போடாமல் 'அர்ஸாஸீஸ்' என்றே போட்டான். சொந்தப் பெயர் வருவது அபூர்வம். சோழ மன்னர்கள் இராசகேசரி என்றும் பரகேசரி என்றும் மாறி மாறிப் பட்டம் புனைந்ததையாவது இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இங்கே ஒரே பெயர், நானூற்றெழுபது ஆண்டு! ஆதலால் தாடியின் நீளம், கிரீடத்தின் வடிவம், கழுத்தணி, பட்டங்களின் வரிசை, எழுத்தின் திருத்தம் முதலியவற்றைக் கொண்டே இன்ன அரசன் என்று நிர்ணயிக்கவேண்டும். எழுத்து ஒரு நல்ல சாட்சி. ஆதியில் திருத்தமாயிருந்த கிரேக்கம், வரவரச் சிதைந்து, அர்த்தம் தெரியாதவன் பார்த்து வரைந்த குச்சிகளைப்போல் ஆகிவிடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் முதலாம் வொலகாஸீஸ் காலந்தொட்டுப் பார்த்திய எழுத்துகளும் தலைகாட்டுகின்றன.

இந்த வேலையை எளிதாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் செல்வுட். 1971-இல் வெளிவந்து 1980-இல் திருத்திய பதிப்பாக வந்த அவருடைய நூல் பார்த்தியக் காசுகளை வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறது. சேகரிப்போர் இன்றும் அந்த எண்ணைச் சொல்லியே பேசிக்கொள்கிறார்கள். நாமும் அந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு, நம்மிடமிருந்த காசைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தோம். பத்தரிடம் கொண்டுபோய் நிறுத்ததில் எடை மூன்று கிராமும் எண்ணூறு மில்லிகிராமும் இருந்தது. ஓரத்தில் வார்ப்புக் கோடு இல்லை. எழுத்தின் விளிம்புகள் வழுவழுவென்று மழுங்கவுமில்லை. எனவே, உருக்கி வார்த்த போலியாகத் தோன்றவில்லை. தாடி குட்டையானது. நெற்றியில் ஒரு சிறு மரு. கிரேக்க எழுத்தைக் கூட்டிப் படிக்க முடிகிறது. பிறை, நட்சத்திரம்.

சந்தேகத்துக்கு இடமில்லை. அரசன் இரண்டாம் ஓரோடிஸ். ஆண்ட காலம் கி.மு. 57 முதல் 37 வரை.

அந்த நெற்றி மருவைப் பற்றி ஒரு வார்த்தை. அவனுக்குப் பின் வந்த சில அரசர்களின் முகங்களிலும் அது தோன்றுகிறது. அது தந்தைவழி வந்த ஒரு சரும நோயாயிருக்கலாம் என்று வைத்தியர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். தன் முகத்து மருவையும் மறைக்காமல் அச்சிடச் செய்த அரசனைப் பாராட்டத்தான் வேண்டும்!

நட்சத்திரம் அணைந்தது

ஏசுநாதரின் பிறப்பை ஏரோது அரசன் காலத்தது என்று மத்தேயு எழுதிய சுவிசேஷம் சொல்கிறது. ஏரோது கி.மு. 4-இல் இறந்தான் என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளரின் முடிவு. ஆகவே ஏசு பிறந்தது கி.மு. 6-க்கும் 4-க்கும் இடையில் என்று கொள்வது வழக்கம். அப்போது பார்த்தியாவில் ஆண்டவன் ஓரோடிஸின் மகன் நான்காம் பிராதீஸ். ஓரோடிஸ் மாண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்னும் தோன்றாத ஒரு நட்சத்திரத்தை அவன் எப்படிக் காசில் பொறித்திருப்பான்?

பிறையும் நட்சத்திரமும் சேர்ந்த சின்னம் அதற்கு முன்பே கீழ்த்திசையில் அரச சின்னமாக வழங்கியது. ரோமரோடு பல யுத்தங்கள் செய்து கி.மு. 63-இல் இறந்த பாந்தஸ் தேசத்து மித்ரதாதன் தன் காசுகளில் அதைப் பொறித்திருக்கிறான். காசில் நட்சத்திரம் கண்ட இடமெல்லாம் பெத்லகேம் என்றால், கொடியில் மீன் கண்ட இடமெல்லாம் மதுரை என்று சொல்வதுபோல் ஆகும்.

ஞானிகள் விஷயத்திலும் நிதானம் வேண்டும். சுவிசேஷம் அவர்களைக் 'கிழக்கிலிருந்து வந்தவர்கள்' என்று மட்டும் சொல்கிறது. பார்த்தியா என்ற பெயர் அங்கே இல்லை. மூவர் என்ற எண்ணிக்கையும் இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாயிருந்ததால் கொடுத்தவர்களும் மூவர் என்று பிற்காலத்தார் கொண்டார்கள். எனினும், மூலத்தில் அவர்களைக் குறிக்கும் 'மாகோய்' என்ற கிரேக்கச் சொல் பாரசீகத்துப் புரோகிதர்களைக் குறித்துப் பிறந்த சொல். அவர்கள் மேதியரில் ஒரு குலத்தார் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மேதியாவோ அன்று பார்த்திய அரசுக்கு உட்பட்டது. ஆகவே அவர்கள் பார்த்தியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று எண்ணுவதில் தவறில்லை. 'இருக்கலாம்' என்பது வேறு, 'இருந்தது' என்பது வேறு, அவ்வளவே.

நட்சத்திரம் அணைந்துவிட்டது. கிழவருக்கு என்ன பதில் சொல்வது என்று நாம் இரண்டு நாள் சரியாக உறங்கவில்லை. மூன்றாம் நாள், ஓரோடிஸ் என்ன செய்தான் என்று படித்துப் பார்த்தோம். படிக்கப் படிக்க, நம் கையிலிருந்த காசு வேறொரு கதையைச் சொல்லத் தொடங்கியது.

ஓரோடிஸும் ஏரோதும்

ரோமாபுரியின் மகா தனவந்தனாகிய கிராஸஸ், பார்த்தியாவை வெல்லும் ஆசையோடு சிரியாவுக்கு வந்தான். போகிற வழியில் எருசலேம் ஆலயத்தில் புகுந்து, பொக்கிஷத்திலிருந்த இரண்டாயிரம் தாலந்துப் பணத்தையும் அங்கிருந்த பொன்னையும் வாரிக்கொண்டான் என்று யூத சரித்திராசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். அடுத்த வருஷம், கி.மு. 53-இல், கார்ரே என்ற ஊரின் அருகே ஓரோடிஸின் தளபதி சுரேனா அவனை எதிர்கொண்டான். ஏறக்குறைய பதினாயிரம் குதிரை வீரர்கள், பல மடங்கு பெரிய ரோமப் படையை அம்பு மழையால் நாசம் செய்தார்கள். ரோமர் இருபதினாயிரம் பேர் மாண்டனர். பதினாயிரம் பேர் சிறைப்பட்டனர் என்பது புளூடார்க் தரும் கணக்கு. கிராஸஸும் உயிரிழந்தான். அந்தக் கார்ரே என்பது எது? ஆபிரகாம் தன் தகப்பனோடு வந்து தங்கியதாக ஆதியாகமம் கூறும் ஆரான் நகரமே அது!

கிராஸஸின் தலை கொண்டுவரப்பட்ட வேளையில், ஓரோடிஸ் ஆர்மீனிய அரசனின் சபையில் யூரிப்பிடீஸின் கிரேக்க நாடகம் பார்த்துக்கொண்டிருந்தானாம். காசில் 'கிரேக்கரின் நண்பன்' என்று போட்டுக்கொண்டது வெறும் பேச்சல்ல என்பது இதனால் தெரிகிறது.

இனி வருவதே முக்கியம். கி.மு. 40-இல் ஓரோடிஸின் மகன் பாகோரஸ் யூப்ரடீஸைக் கடந்து சிரியாவில் பாய்ந்தான். பார்த்தியப் படை எருசலேமுக்குள் புகுந்தது. ரோமரின் ஆதரவில் ஆண்டுவந்த பிரதான ஆசாரியன் ஹிர்கானஸைச் சிறைப்பிடித்தார்கள். உடலில் ஊனமுற்றவன் ஆசாரியனாக முடியாது என்பது யூத தருமம். ஆகவே, அவன் மறுபடியும் அந்தப் பதவிக்கு வராதபடி அவன் காதுகள் சிதைக்கப்பட்டன. அவனுடைய சகோதரன் மகன் அந்திகோனஸைப் பார்த்தியர் அரியணையில் ஏற்றினார்கள். இந்த அந்திகோனஸ் வெளியிட்ட சில செப்புக் காசுகளில்தான் எருசலேம் ஆலயத்து ஏழு கிளை விளக்கு பொறிக்கப்பட்டிருக்கிறது. அவை மிகவும் அபூர்வமானவை.

அன்று எருசலேமில் அதிகாரியாயிருந்த ஓர் இளைஞன் இரவோடிரவாகக் குடும்பத்தாரைக் கூட்டிக்கொண்டு ஓடினான். மஸாதா என்ற மலைக் கோட்டையில் அவர்களை விட்டுவிட்டு, எகிப்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி ரோமாபுரியை அடைந்தான். ரோம சபை அவனை யூதேயாவின் அரசன் என்று பிரகடனம் செய்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், ரோமப் படையின் துணையோடு எருசலேமைப் பிடித்து, அவன் அரியணை ஏறினான். அவன்தான் ஏரோது.

இப்போது மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கிழக்கிலிருந்து சிலர் வந்து, 'யூதருக்கு ராஜாவாகப் பிறந்தவர் எங்கே?' என்ற பொருளில் வினவுகிறார்கள். அது கேட்டு ஏரோதும், அவனுடன் நகரம் முழுவதும் கலங்கிற்று என்று சுவிசேஷம் சொல்கிறது. யாத்திரிகர்கள் சிலர் ஒரு குழந்தையைத் தேடி வந்தால் நகரமே ஏன் கலங்கவேண்டும்? கிழக்கிலிருந்து வந்தவர்கள் ஒருமுறை யூதருக்கு வேறொரு ராஜாவை ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஏரோது உயிர் தப்ப ஓடியிருக்கிறான். அந்த இரவை நினைவில் வைத்திருந்த முதியவர்கள் எருசலேமின் தெருக்களில் இன்னும் உயிரோடிருந்தார்கள். சுவிசேஷக் கதையைச் சரித்திரமென்று ஒப்புக்கொள்பவரும், ஒப்புக்கொள்ளாதவரும் ஆக இரு சாராருக்கும் அந்தக் கலக்கத்தின் பொருள் இதனால் விளங்கும்.

பாகோரஸ் கி.மு. 38-இல் ரோமரோடு பொருது மாண்டான். மகனை இழந்த ஓரோடிஸ் துயரத்தில் மூழ்கினான். பட்டத்துக்கு வந்த இன்னொரு மகன் பிராதீஸ் தகப்பனைக் கொன்றான். காசில் 'நீதிமான்' என்று பொறித்தவனின் முடிவு இதுதான்.

வேறு சில காசுகள்

பைபிளோடு தொடர்புடைய பார்த்தியக் காசுகள் இன்னும் உண்டு. மக்கபேயர் முதல் ஆகமத்தில், பாரசீகத்துக்கும் மேதியாவுக்கும் அரசனாகிய ஓர் 'அர்ஸாஸீஸ்' சிரியாவின் அரசன் தெமெத்திரியுவைச் சிறைப்பிடித்த செய்தி இருக்கிறது. கத்தோலிக்கர் ஏற்கும் ஆகமம் இது; புரொட்டஸ்டண்டுகளின் பைபிளில் இடம்பெறாதது. அந்த அரசன் முதலாம் மித்ரதாதன். அவன் செலூக்கியாவில் வெளியிட்ட பெரிய வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஹெராக்ளிஸ் தேவன் நிற்கும் அக்காசுகளில் ஆண்டும் பொறித்திருப்பதால், ஆகமம் சொல்லும் காலத்தைச் சரிபார்க்க அவை உதவுகின்றன.

அப்போஸ்தலர் நடபடிகளில், பெந்தெகொஸ்தே நாளன்று எருசலேமில் கூடியிருந்தவர்களின் பட்டியல் பார்த்தரிடமிருந்தே தொடங்குகிறது. அக்காலத்து அரசன் இரண்டாம் அர்த்தபானன். பழைய நூல்களில் அவனை மூன்றாமவன் என்று எண்ணியிருப்பார்கள். ஏசுவின் பால்யத்தில் ஆண்ட ஐந்தாம் பிராதீஸின் காசுகளோ இன்னும் விநோதம். மறுபக்கத்தில் அவனுடைய தாயார் மூஸாவின் முகம்! அகஸ்டஸ் சக்கரவர்த்தி வெகுமதியாக அனுப்பிய இத்தாலிய அடிமைப் பெண் அவள். அரசனின் மனத்தைக் கவர்ந்து அரசியாகி, மகனையும் பட்டத்தில் ஏற்றி, காசில் 'வானுலக தேவி' என்றும் பெயர் பெற்றுவிட்டாள்.

நமது தேசத்தைத் தொடும் காசு ஒன்றும் உண்டு. தோமையாரைப் பற்றி மூன்றாம் நூற்றாண்டில் சிரியப் பாஷையில் எழுந்த நூல் ஒன்று, அவர் இந்தியாவில் குந்தபர் என்ற அரசனிடம் சிற்பியாக வந்தார் என்கிறது. மாளிகை கட்ட அரசன் கொடுத்த பணத்தையெல்லாம் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, 'உமது மாளிகை பரலோகத்தில் இருக்கிறது' என்று அவர் சொன்னதாகக் கதை. அப்படி ஓர் அரசன் இருந்ததற்கு நெடுங்காலம் சான்றே இல்லை. கட்டுக்கதை என்று தள்ளினார்கள். 1830-களில் ஆப்கானிஸ்தானத்தில் சார்லஸ் மாஸன் முதலியோர் சேகரித்த காசுகளில், ஒரு புறம் கிரேக்கத்திலும் மறு புறம் கரோஷ்டியிலும் கொண்டோபர்னீஸ் என்ற இந்தோ-பார்த்திய அரசனின் பெயர் வெளிப்பட்டது! பெஷாவருக்கு வடக்கேயுள்ள தக்த்-இ-பாஹியில் கிடைத்த கல்வெட்டு அவனுடைய இருபத்தாறாம் ஆட்சியாண்டை ஒரு சகாப்தத்தின் 103-ஆம் ஆண்டு என்கிறது. அது கி.மு. 57-ஐ ஒட்டித் தொடங்கிய சகாப்தமானால், கி.பி. 45 அல்லது 46 ஆகும். தோமையாரின் காலத்துக்குப் பொருந்துகிறது. அந்தப் பெயரைப் பின்வந்த அரசர்களும் பட்டமாகப் புனைந்திருப்பதால் இதிலும் நிதானம் தேவை. அரசன் இருந்தான் என்பதைக் காசு நிரூபிக்கிறது. அப்போஸ்தலர் வந்தார் என்பதை அது நிரூபிக்காது. அந்தச் சிரிய நூலில் மயிலாப்பூரின் பெயரும் இல்லை. சாந்தோமைப் பற்றிய நம்பிக்கை வேறொரு மரபாக வந்தது.

சேகரிக்க விரும்புவோருக்கு

இதைப் படித்துவிட்டு யாரேனும் காசு வாங்கப் புறப்பட்டால் சில வார்த்தை சொல்லவேண்டும். ஓரோடிஸ், பிராதீஸ் இவர்களின் திரக்மங்கள் பெருந்தொகையாக அச்சிடப்பட்டவை. இன்றும் அருமையானவை அல்ல. 'ஞானியர்' என்ற அட்டை ஏறியவுடன் விலையும் ஏறுகிறது. அட்டைக்குப் பணம் கொடுக்காதீர்கள், காசுக்குக் கொடுங்கள். எந்த அரசன், எந்த அக்கசாலை, முன்பு யாரிடமிருந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவனிடம் வாங்காதீர்கள். 1990-களில் நடந்த உள்நாட்டுப் போரில் காபூல் பொருட்காட்சிச்சாலையின் நாணயங்களில் பெரும்பகுதி கொள்ளை போயிற்று. திருட்டுக் காசு வீட்டில் இருப்பதைவிட, வெறும் பெட்டி இருப்பது மேல்.

வாங்கிய காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிடாதீர்கள்! குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது மரணம். எழுத்தும் போய், எடையும் குறைந்து, சரித்திரமும் தேய்ந்துவிடும். நம் நாட்டு மண்ணில் புதையல் அகப்பட்டால், பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த காசுகளைத் தனி நபர்கள் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பைபிள் காலத்துக் காசைக் காணக் கடல் கடக்கவேண்டியதுமில்லை. 'சீசருக்கு உரியது' என்று ஏசுநாதர் சொன்ன பிரசித்தமான சம்பவத்தில் குறிப்பிடப்படும் வெள்ளிக் காசு, திபேரியு சக்கரவர்த்தியின் தினாரம் என்று பலர் கருதுகிறார்கள். மிளகும் மணியும் வாங்க வந்த வணிகர்கள் மூலம் அந்தத் தினாரங்கள் குவியல் குவியலாகக் கோயம்புத்தூர்ப் பிரதேசத்துக்கு வந்து, மண்ணில் புதைந்து, வெளிப்பட்டிருக்கின்றன.

அட்டை மாறியது

குறித்த ஞாயிறு தலைமையாசிரியர் வந்தார். பேத்தியும் வந்தாள். நாம் ஒன்றையும் மறைக்கவில்லை. முதலில் நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னோம். அவர் முகம் வாடிற்று. வெகுநேரம் பேசவில்லை.

"அப்படியானால் இது பொய்க் காசா, தாத்தா?" என்று கேட்டாள் பெண்.

"காசு மெய்யானதுதான், அம்மா. அட்டைதான் பொய்" என்றோம். பிறகு கிராஸஸ் ஆலயத்தில் புகுந்தது முதல், ஏரோது இரவில் ஓடியது வரையில் கதையைச் சொன்னோம். சொல்லிக்கொண்டு வரும்போதே கிழவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"அறுபது வருஷமாக அந்த அதிகாரத்தை வாசிக்கிறேன், தம்பி. ஏரோது கலங்கினது தெரியும். ஊர் ஏன் கலங்கிற்று என்று ஒருநாளும் யோசித்ததில்லை" என்றார். சற்றுக் கழித்து, "நீர் அன்றைக்கே ஆமாம் என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன், ஆனால் இது தெரியாமலே போயிருப்பேன்" என்றார்.

பண்டிகை கழிந்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆங்கில அட்டையை எடுத்துவிட்டு, தம் கையாலேயே புது அட்டை எழுதி வைத்தாராம்: 'பார்த்திய அரசன் ஓரோடிஸின் காசு. கி.மு. 57-37. இதிலுள்ளது பெத்லகேம் நட்சத்திரம் அன்று. இவன் மகனுக்கு அஞ்சியே ஏரோது எருசலேமை விட்டு ஓடினான்.' ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் எழுந்து, 'ஞானிகள் பையில் இந்தக் காசு இருந்திருக்குமா?' என்று கேட்டானாம்.

நல்ல வெள்ளி எத்தனையோ ஆண்டு கைமாறும். ஓரோடிஸின் காசு அவன் மகன் காலத்திலும் வழங்கியிருக்கும். "இருந்திருக்கலாம் என்று சொன்னேன். இருந்தது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் மறக்கமாட்டார்களே!" என்று கடிதத்தை முடித்திருந்தார் நம் தலைமையாசிரியர்.